வன்னியில் நீண்டகால உணவுச் சேமிப்பு: வெளிநாட்டு வாளியா, வீட்டு நெல்லா? விலையும் பெறுமதியும் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் இரணைமடு வாய்க்கால் தண்ணீர் பாயும் ஒரு கிராமத்தில் இருக்கிறேன். இருபது ஆண்டுகளுக்கு மேலாகக் கூட்டுறவுச் சங்கக்கடை ஒன்றில் கணக்கும் களஞ்சியமும் பார்த்தவள். ஐப்பசி பிறந்து வானம் இருளத் தொடங்கினால் அயலவரும் வெளிநாட்டு உறவினரும் ஒரே கேள்விகளைத்தான் கேட்பார்கள். அவற்றுக்கான பதில்களை இங்கே எழுதி வைத்திருக்கிறேன்.

கனடாவிலும் அமெரிக்காவிலும் விற்கிற "25 ஆண்டு உணவு வாளி" என்பது என்ன?

தண்ணீர் முழுவதையும் எடுத்துவிட்டு, காற்றுப் புகாத பைகளில் அடைத்து, பிளாஸ்டிக் வாளியிலோ தகரப் பேணியிலோ வரும் உணவு. இதில் இரண்டு வகை உண்டு. முதல் வகையில், சமைத்த உணவை உறையவைத்து, வெற்றிடத்தில் அந்தப் பனிக்கட்டியை நேரே ஆவியாக்கிவிடுகிறார்கள். சுடுநீர் ஊற்றிப் பத்து நிமிடம் மூடி வைத்தால் சாப்பிடலாம். அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் தயாராகும் மவுண்டன் ஹவுஸ் இந்த வகைக்குப் பெயர் பெற்றது. சுவைக்கு 30 ஆண்டு உத்தரவாதம் தருகிறது. இரண்டாவது வகை, வெப்பத்தில் உலர்த்திய தானியம், பருப்பு, மரக்கறி, மாவு ஆகியவற்றின் கலவை. இதை அடுப்பில் வைத்துக் காய்ச்ச வேண்டும். ஓகசன் ஃபார்ம்ஸ், ரெடிவைஸ், மை பேட்ரியட் சப்ளை போன்றவற்றின் வாளிகளில் பெரும்பாலும் இந்த வகையே இருக்கும், அல்லது இரண்டும் கலந்திருக்கும்.

இவற்றின் விலையை எப்படி ஒப்பிடுவது? வாளிக்கு வாளி பார்த்தால் போதாதா?

போதாது. வாளியின் மேல் பெரிதாக எழுதியிருக்கும் "பங்கு" எண்ணிக்கையைப் பார்த்து விலையை ஒப்பிட்டால் நிச்சயம் ஏமாறுவோம். ஒரு பங்கு எவ்வளவு என்பதை விற்பவரே தீர்மானிக்கிறார். ஒருவர் 300 கலோரியை ஒரு பங்கு என்பார், இன்னொருவர் ஒரு கோப்பை தோடம்பழப் பானத்தையும் ஒரு பங்காக எண்ணிவிடுவார்.

சில ஆண்டுகளுக்கு முன்னர் என் அக்கா ஆசையோடு ஒரு வாளி அனுப்பியிருந்தார். இலங்கைக் காசில் 30,000 ரூபா. அனுப்பிய செலவு வேறு. "84 பங்கு, ஒருவருக்கு நான்கு வாரம்" என்று வெளியே எழுதியிருந்தது. நான் கொப்பியும் பேனாவுமாக உட்கார்ந்து ஒவ்வொரு பையின் பின்புறத்தையும் வாசித்துக் கூட்டினேன். 12 பங்கு வெறும் பானத் தூள். எல்லாம் சேர்த்து 16,000 கலோரிகூட இல்லை. அவசர கால நிவாரணத்தில் உலகெங்கும் ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு வைக்கும் கணக்கு 2,100 கலோரி. அப்படிப் பார்த்தால் அந்த வாளி ஒரு ஆளுக்கு ஏழரை நாள். ஐந்து பேர் உள்ள வீட்டுக்கு ஒன்றரை நாள்! அன்று எனக்கு வந்த கோபம் அக்காவின் மேல் அல்ல. பசிக்குப் பயந்தவர்களிடம் இப்படிக் கணக்குக் காட்டி விற்கிறார்களே என்பதுதான் என்னைச் சுட்டது.

ஆகவே எந்தப் பொதியை எடுத்தாலும் மொத்த விலையை மொத்தக் கலோரியால் பிரித்து, 2,100 ஆல் பெருக்குங்கள். ஒரு ஆளின் ஒரு நாள் விலை கிடைக்கும். அக்காவின் வாளியில் அது ஏறத்தாழ 3,950 ரூபா. 2024 டிசம்பரில் அரசு நாட்டரிசிக்கு விதித்த உச்ச விலை கிலோ 230 ரூபா. ஒரு கிலோ அரிசியில் சுமார் 3,600 கலோரி இருக்கிறது. அப்படியானால் 2,100 கலோரிக்கு 134 ரூபாதான். வாளியில் மரக்கறியும் பால்மாவும் இருந்தன, வெறும் அரிசியோடு ஒப்பிடுவது முற்றிலும் நியாயமல்ல என்பதை ஏற்கிறேன். பருப்பு, எண்ணெய், சீனி, சத்துமா எல்லாம் சேர்த்துக் கணக்கிட்டாலும் வாளி விலையில் பத்திலொரு பங்கை நம் சாப்பாடு தாண்டாது. விலைகள் மாறும், கணக்கிடும் முறை மாறாது.

அப்படியானால் அந்த நிறுவனங்கள் எல்லாமே மோசமா?

இல்லை. உறையவைத்து உலர்த்தும் வேலைக்கு இயந்திரமும் மின்சாரமும் நேரமும் நிறையச் செலவாகும். அந்த உணவு எடை குறைந்தது, சுவையும் நிறமும் கெடாதது. மலையேறுபவருக்கும் படையினருக்கும் அந்த விலை பொருந்தும். பனியில் வீட்டுக்குள் அடைபட்டுக் கிடக்கும் ரொறொன்ரோ வீட்டுக்காரருக்கும் நாலைந்து பைகள் உதவும். அந்த நாட்டில் இருப்பவர்கள் மலிவாக வாங்க விரும்பினால், மோர்மன் என்ற கிறிஸ்தவச் சபையினர் நடத்தும் களஞ்சியக் கடைகளில் அரிசி, கோதுமை, அவரை போன்ற அடிப்படைப் பொருட்கள் பேணிகளில் கிடைக்கின்றன. சபையைச் சேராதவர்களும் வாங்கலாம். ஓகசன் ஃபார்ம்ஸ் போன்றவற்றிலும் தனி அரிசி, தனி ஓட்ஸ் என்று வாங்கும்போது கலோரிக்கான விலை வெகுவாக இறங்கிவிடும். சமைத்த கலவையாக வாங்கும்போதுதான் விலை ஏறுகிறது.

25 ஆண்டு என்பது இங்கேயும் 25 ஆண்டுதானா?

இல்லை. அந்தக் கணக்கு 20 பாகை செல்சியசை ஒட்டிய, ஈரமில்லாத நிலவறைக்கு உரியது. வெப்பம் 10 பாகை கூடினால் உணவு பழுதாகும் வேகம் ஏறத்தாழ இரண்டு மடங்காகும் என்பது பொதுவான கணக்கு. நமக்குப் பகல் வெப்பம் 30 பாகைக்கு மேல். தகரக் கூரையின் கீழே பங்குனி, சித்திரையில் எவ்வளவு என்பது அங்கே கைவைத்தவருக்குத் தெரியும். 25 ஆண்டு உணவு இங்கே பன்னிரண்டு ஆண்டு தாக்குப் பிடித்தாலே பெரிது. கொழுப்புச் சேர்ந்த பால்மா, இறைச்சிக் கலவை போன்றவை அதற்கும் முன்பே காறிவிடும். கொடுத்த காசில் பாதியை வெயில் தின்றுவிடுகிறது என்பதையும் விலைக் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

சரி, வன்னியில் எதைச் சேமிப்பது?

நெல்லை. அரிசியாக அல்ல, நெல்லாகவே.

உமி என்பது இயற்கை போட்ட உறை. அது பிளக்காத வரைக்கும் அரிசி வண்டு உள்ளே போவது கடினம், தவிட்டில் உள்ள எண்ணெயும் காறாது. நம் முன்னோர் கொம்பறை கட்டி வைத்தார்கள்: நிலத்திலிருந்து உயர்த்தி, வரிச்சுப் பின்னி, களிமண்ணும் சாணமும் பூசி, மேலே கூரை வேய்ந்த நெற்கூடு. நெல்லுக்கிடையில் வேப்பிலையும் நொச்சியிலையும் போட்டார்கள். அடுத்த போகம் பிழைத்தாலும் வீட்டில் உலை கொதித்தது.

இப்போது நடப்பதைச் சொல்லவே மனம் கூசுகிறது. காலபோகம் மாசியில் வெட்டுகிறோம். இயந்திரம் வெட்டிக் கொட்டிய ஈர நெல்லை அப்படியே வயற்கரையில் நிற்கும் லொறிக்கு ஏற்றிவிடுகிறோம். அடகு வைத்த நகை மீள வேண்டும், பசளைக் கடன் அடைக்க வேண்டும், வேறு வழியில்லை. ஆனால் ஐப்பசியில் அதே வீட்டுக்காரர் கடையில் கிலோ கணக்கில் அரிசி வாங்கிக்கொண்டு நிற்பதை நான் பல ஆண்டுகள் கல்லாவுக்கு இந்தப் பக்கம் இருந்து பார்த்திருக்கிறேன். 2025 பெப்ரவரியில் அரசு நாட்டு நெல்லுக்கு அறிவித்த விலை கிலோ 120 ரூபா. 92 கிலோ நெல் 11,040 ரூபா. அதைக் குற்றினால் ஏறத்தாழ 60 கிலோ அரிசி வரும். அதே 60 கிலோவைக் கடையில் 230 ரூபாப்படி வாங்கினால் 13,800 ரூபா. குற்றுக்கூலி போனாலும் மிச்சம் உண்டு, தவிடு மாட்டுக்கு ஆகும். லொறிக்காரர் அரச விலையிலும் குறைத்து எடுக்கும் ஆண்டுகளில் அந்த மிச்சம் இன்னும் பெரிது.

எல்லா நெல்லையும் விற்காமல் வையுங்கள் என்று நான் கேட்கவில்லை. நாலரை புசல் நெல்லை, அதாவது மேலே சொன்ன 92 கிலோ அளவை மட்டும் வீட்டில் நிறுத்துங்கள். 2021 இல் இரசாயனப் பசளையை ஒரே நாளில் நிறுத்தியதும் அடுத்த போகத்தில் விளைச்சல் விழுந்தது. 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்படி உணவுப் பணவீக்கம் 94.9 சதவீதம். அந்த ஆண்டு வீட்டில் நெல் வைத்திருந்தவர் கடை வாசலில் நிற்க வேண்டியிருக்கவில்லை.

நெல் போதிய அளவு காய்ந்துவிட்டதா என்று எப்படி அறிவது?

நெல் சந்தைப்படுத்தல் சபை 14 சதவீத ஈரம் வரை ஏற்கும். காற்றுப் புகாமல் மாதக்கணக்கில் வைப்பதற்கு 12, 13 தான் நல்லது. கருவி இல்லாவிட்டால் உப்புச் சோதனை செய்யலாம். நன்றாக உலர்ந்த கண்ணாடிப் போத்தலில் மூன்றிலொரு பங்கு நெல்லும் ஒரு கரண்டி வறண்ட தூள் உப்பும் போட்டு மூடிக் குலுக்குங்கள். கால்மணி நேரம் விடுங்கள். உப்பு போத்தல் சுவரில் ஒட்டினால் ஈரம் 15 சதவீதத்துக்கு மேல்; திரும்பவும் பாயில் பரப்புங்கள். ஒட்டாமல் அடியில் கிடந்தால் ஈரம் 15 சதவீதத்துக்குக் கீழே; 12, 13 வரை இறங்க இன்னும் சற்றுக் காயவிட்டுக் கட்டலாம். வெயில் சூட்டோடு கட்ட வேண்டாம், மாலையில் ஆறவிட்டுக் கட்டுங்கள்.

அரிசியை மட்டும் நேர் வெயிலில் காயப் போடாதீர்கள். வெடித்துக் குறுணலாகிவிடும்.

எதில் கட்டி வைப்பது? காற்றுப் புகாத பைகளுக்குக் கொடுக்கிற காசு தகுமா?

தகும், நெல்லின் அளவு சிறிதானால். சாதாரண யூரியாப் பையில் காற்று நுழையும், ஈரம் நுழையும், எலி நுழையும். காற்றுப் புகாத பையின் இரகசியம் எளிது: உள்ளே இருக்கும் பூச்சியும் தானியமும் மூச்சுவிட்டு மூச்சுவிட்டு ஒட்சிசனைத் தீர்த்துவிடுகின்றன, அதன்பின் பூச்சி செத்துவிடும். மருந்து தேவையில்லை. அமெரிக்காவின் பேர்டியூ பல்கலைக்கழகத்தினர் 1980களில் கமரூன் நாட்டில் கௌபிக்காகச் செய்த மூன்றடுக்குப் பையும், சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனத்தின் உட்பையும் இதே முறையில்தான் வேலை செய்கின்றன. பையை வாங்கியதும் ஊதிக் கட்டி, நீரில் அமிழ்த்திப் பாருங்கள். நான் வாங்கிய முதல் பையில் ஊசிமுனை அளவு ஓட்டை இருந்தது. ஆறு மாதம் கழித்துத் திறந்தபோது அந்துப்பூச்சி பறந்தது. 40 கிலோ நெல் கோழிக்குத்தான் போனது.

பைக்கு எலிதான் எமன். அதனால் என் தெரிவு பரல். மூடி இறுக்கமாக உள்ள, உணவுப் பொருள் வந்த 200 லீற்றர் பிளாஸ்டிக் பரல் ஒன்றில் 110 கிலோ நெல் வரை கொள்ளும். முன்னர் சொன்ன நாலரை புசல் அதற்குள் அடங்கிவிடும். பரலை விளிம்புவரை நிரப்புங்கள், உள்ளே காற்றுக்கு இடம் குறையும். என்ன வந்த பரல் என்று தெரியாவிட்டால் எவ்வளவு மலிவானாலும் தொடாதீர்கள். பூச்சிமருந்து, அமிலம் வந்த பரலை எத்தனை முறை கழுவினாலும் உணவுக்கு ஆகாது.

வெளிநாட்டில் மைலார் பையும் (உலோகப் பூச்சுள்ள தடித்த பிளாஸ்டிக் பை), இரும்புத்தூள் நிறைந்த ஒட்சிசன் உறிஞ்சிப் பொட்டலமும் விற்கிறார்கள். தீட்டிய அரிசிக்கும் பருப்புக்கும் நல்லவை. வாளியாக வாங்குவதைவிட இவற்றை வாங்கி நம் அரிசியை நாமே அடைத்தால் செலவு வெகு குறைவு. பொட்டலத்தைப் பிரித்தால் அரை மணிக்குள் அடைத்துவிட வேண்டும். சீனிக்கும் உப்புக்கும் அது வேண்டாம். போட்டால் கல்லாக இறுகும். ஈரமும் எண்ணெயும் உள்ள எதையும் அப்படி அடைக்காதீர்கள், நஞ்சாகக்கூடும்.

எந்த அரிசி அதிக காலம் இருக்கும்?

புழுங்கல். நெல்லை அவிக்கும்போது தவிட்டின் சத்து மணிக்குள் இறங்குகிறது, மணி இறுகி வண்டுக்கு வளைந்து கொடுப்பதில்லை. தீட்டாத சிவப்புப் பச்சையரிசி உடம்புக்கு நல்லது, ஆனால் தவிட்டு எண்ணெய் காறுவதால் சில மாதங்களுக்கு மேல் வைக்க வேண்டாம். மொட்டைக்கறுப்பன், பச்சைப்பெருமாள் போன்ற நம் இனங்களை நெல்லாக வைத்து, வேண்டும்போது குற்றிக்கொள்ளுங்கள். வேறு தானியத்தில் குரக்கனை மிஞ்ச ஒன்றுமில்லை. மணி சிறியது, பூச்சி பிடிக்காது, நன்றாகக் காய்ந்தால் ஆண்டுக்கணக்கில் கிடக்கும்.

பயறு, கௌபி, உழுந்து எல்லாம் வண்டடித்துப் போகிறதே?

முட்டை வயலிலேயே வந்துவிடுகிறது. உச்சி வெயிலில் கறுப்புத் தார்ப்பாலில் மெல்லியதாகப் பரப்பி, மேலே ஒளி ஊடுருவும் பொலித்தீன் மூடி விளிம்பில் கல் வையுங்கள். சூடு ஏறி முட்டையும் புழுவும் சாகும். விதைக்கு வைப்பதை இப்படிச் செய்யாமல், சாம்பல் பிரட்டியோ செம்மண் கட்டியோ வையுங்கள்.

வெள்ளத்தில் விறகும் நனைந்தால் நெல் இருந்து என்ன பயன்?

மிகச் சரியான கேள்வி. விலைக் கணக்கில் பலர் விட்டுவிடுவது அடுப்பைத்தான். 2018 டிசம்பர் வெள்ளத்தில் எங்கள் வீட்டுக்குள் முழங்கால் அளவு தண்ணீர். பலகைமேல் இருந்த அரிசி தப்பியது, ஆனால் இரண்டு நாள் ஒரு துண்டு விறகு எரியவில்லை. 2020 டிசம்பரில் முல்லைத்தீவுப் பக்கமாகப் புரெவி புயல் கரையேறியபோது நான் தயாராக இருந்தேன்.

நெருப்பில்லாமல் தின்னக்கூடியது மூன்று நாளுக்காவது வீட்டில் இருக்க வேண்டும். அவலும் சீனியும். வறுத்த அரிசிமாவும் பயற்றம்மாவும் சேர்ந்த சத்துமா. கச்சான். எள்ளுருண்டை. பொரிவிளாங்காய். பனையிடமிருந்து புழுக்கொடியல், பனாட்டு, பனங்கட்டி. நன்றாகக் காய்ந்த புழுக்கொடியல் பேணிக்குள் மாதக்கணக்கில் கெடாது, பல் உள்ளவர்களுக்கு அதைப்போல் பசிதாங்கி வேறில்லை. ஒடியல்மா வேறு; அதை ஊறவைத்து நீர் வடித்துக் கூழாகக் காய்ச்சத்தான் வேண்டும்.

இந்த இடத்தில் மட்டும் வெளிநாட்டுப் பொதி ஒன்றுக்கு நான் ஆதரவு. நிவாரண நிறுவனங்கள் பயன்படுத்தும் பிபி-5, ஜெர்மனியின் என்ஆர்ஜி-5 போன்ற அழுத்திய பிஸ்கட் கட்டிகள் 500 கிராம் பொதியில் சுமார் 2,300 கலோரி தருகின்றன. ஒரு பொதி ஒரு ஆளின் ஒரு நாள். சமைக்க வேண்டாம், சுடுநீர் வேண்டாம். எழுதியிருப்பதும் உள்ளே இருப்பதும் ஒன்றாகவே இருக்கிறது.

நம் கடைகளில் கிடைக்கும் பொதிகளில் எது பெறுமதி?

சமபோஷ முதலிடம். ஏற்கெனவே வெந்த தானிய மா. தேங்காய்ப்பூவும் சீனியும் சேர்த்துக் குழைத்தால் போதும், பச்சைத் தண்ணீரிலும் உருட்டலாம். மலிபன், மஞ்சி கிறீம் கிறேக்கர் இரண்டுக்கும் இடையில் பெறுமதியில் பெரிய வித்தியாசம் இல்லை. 100 கிராம் விலையைப் பார்த்து, காலாவதித் திகதி தூரமாக இருப்பதை எடுங்கள். டின்மீன் புரதத்துக்கு நல்லது, உப்பு அதிகம். கருவாடு அதைவிட மலிவு, ஆனால் மாரியில் ஈரம் இழுத்துப் பூஞ்சணம் பிடிக்கும். பால்மாப் பைக்கற்றை எந்தப் பெயரில் வாங்கினாலும் நீண்டகாலச் சேமிப்பாக எண்ண வேண்டாம். வெப்பத்தில் கொழுப்புக் காறும்.

ஐந்து பேருக்கு ஒரு மாதத்துக்கு எவ்வளவு வேண்டும்?

அரிசி 60 கிலோ, பருப்பும் பயறும் 9 கிலோ, தேங்காய் எண்ணெய் 4 லீற்றர், சத்துமா அல்லது குரக்கன்மா ஏழரைக் கிலோ, சீனி இரண்டரைக் கிலோ, உப்பு. ஆளுக்கு நாளொன்றுக்கு 400 கிராம் அரிசி, 60 கிராம் பருப்பு, 25 கிராம் எண்ணெய் என்ற நிவாரண அளவிலிருந்து போட்ட கணக்கு இது. எண்ணெயைக் குறைக்காதீர்கள், கலோரி அதில்தான் அடர்த்தி.

கைக்குழந்தைக்கு?

தாய்ப்பால். வெள்ளக் காலத்தில் அசுத்த நீரில் கரைத்த பால்மா குழந்தையைக் கொல்லக்கூடும். ஆகவே தாய்க்குத்தான் முதலில் சாப்பாடு. திரிபோஷ கர்ப்பிணிகளுக்கும் சிறு பிள்ளைகளுக்கும் கிளினிக்கில் இலவசமாகத் தருவது. அதை அந்தந்த மாதமே கொடுத்து முடியுங்கள், பதுக்க வேண்டாம்.

வீட்டைவிட்டு ஓட வேண்டி வந்தால்?

2008, 2009 இல் கிளிநொச்சியிலிருந்து விசுவமடு, புதுக்குடியிருப்பு, மாத்தளன், முள்ளிவாய்க்கால் என்று நகர்ந்தவர்களுக்கு இதை விளக்கத் தேவையில்லை. உழவு இயந்திரத்தில் நெல் மூடையோடு புறப்பட்டவர்கள் ஒவ்வொரு இடமாக அவற்றை இறக்கிவிட்டு நடந்தார்கள். கடைசியில் கையில் இருந்தது பை ஒன்று. அரிசியும் உப்பும் தண்ணீருமாகக் காய்ச்சிய அந்தக் கஞ்சியை இன்றும் மே மாதத்தில் காய்ச்சிப் பகிர்கிறோம்.

அதனால் களஞ்சியத்தை இரண்டாகப் பிரியுங்கள். பரல் வீட்டோடு நிற்பது. ஒரு பெண் தோளில் போட்டு நடக்கக்கூடிய, பத்துக் கிலோவுக்கு மேற்படாத பை தனியே வாசலருகில் தொங்க வேண்டும்: சத்துமா, அவல், கச்சான், பனங்கட்டி, பிஸ்கட் கட்டி, உப்பு, ஒரு சிறு பானை. வெள்ளத்துக்குப் பாடசாலைக்குப் போகும்போதும் இதே பைதான்.

வெளிநாட்டில் இருக்கிறோம். வாளி வேண்டாம் என்றால் எதை அனுப்புவது?

அறுவடை நேரத்தில், மாசியில், காசாக அனுப்புங்கள். அந்தக் காசு கடனுக்குப் போனால் நாலரை புசல் நெல் லொறி ஏறாமல் வீட்டில் நிற்கும். மழை தொடங்கிய பின் அனுப்பும் காசில் அதே நெல்லை அரிசியாகக் கூடிய விலைக்கு வாங்க வேண்டும். பொருளாகவே அனுப்ப ஆசைப்பட்டால் மைலார் பையும் உறிஞ்சிப் பொட்டலமும் அனுப்புங்கள், எடையே இல்லை. என் அக்கா இப்போது அதைத்தான் செய்கிறார்.

எப்போது திறந்து பார்ப்பது?

பரலை மாசி, பங்குனியில் நிரப்பி மூடினால் ஆவணி வரை தொடாதீர்கள். திறக்கும் ஒவ்வொரு முறையும் காற்று புகும். ஆவணியில் ஒரு வெயில் நாளாகப் பார்த்துத் திறந்து, கையை முழங்கைவரை உள்ளே விடுங்கள். நடுவில் சூடாக இருந்தால் பூச்சியோ ஈரமோ உள்ளது. அன்றே பாயில் கொட்டிக் காயவைத்து, அந்த நெல்லை முதலில் குற்றுங்கள். குளிர்ந்து, காய்ந்த வைக்கோல் மணந்தால் திரும்ப மூடி, மூடிமேல் திகதியை எழுதி, பரலைப் பலகைமேல் ஏற்றிவிடுங்கள். சென்ற வெள்ளம் சுவரில் விட்டுப்போன கோட்டுக்கு ஒரு சாண் மேலே அந்தப் பலகை இருக்கட்டும்.